மாமன் மடி

காரவள்ளி
12.1.2025

அண்ணாவுக்கு,

ராதிகா எழுதுகிறேன். எந்த ராதிகா என்று கேட்டுவிடாதே, உன் கூடப் பிறந்தவள்தான். நாலு வருஷமாக உன் போனுக்கு அடித்து அடித்துச் சலித்துப்போய், மினி பஸ் ஓட்டுகிற மாதேஸ்வரண்ணனிடம் கெஞ்சி இந்த ஈமெயில் முகவரியை வாங்கினேன். "நான் குடுத்தேன்னு சொல்லிப்போடாத கண்ணு, ரமேசு என் தோலை உரிச்சுப்போடுவான்" என்றார். சொல்லிவிட்டேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்தானே, ஒருத்தரை ஒருத்தர் உரித்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ரஞ்சிதாவுக்கு மூன்றாவது வயது நடக்கிறது. மாசி பதினொன்று, பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை காது குத்து வைத்திருக்கிறோம். இங்கே காரவள்ளி மாரியம்மன் கோயிலில். பிள்ளையை மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வேண்டும். எனக்கு அண்ணன் தம்பி என்று இருப்பது நீ ஒருத்தன்தான். வருவாயா, மாட்டாயா?

அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினேன். "ரமேசு சொல்லாம நான் மலையை உட்டு எறங்க மாட்டேன்" என்று பதில் வந்தது. நீ இருப்பதோ உலகத்தின் அந்தக் கடைசியில், பனிக்கடலில். அங்கிருந்து நீ தலையாட்டினால்தான் மலை மேல் வாழவந்தி நாட்டில் இருப்பவள் வாசல் தாண்டுவாள். நல்ல குடும்பம் நம்முடையது.

கல்யாணம், வளைகாப்பு, பெயர் வைத்தது என்று எல்லாவற்றிலும் என் பக்கத்துப் பாய் காலியாகவே கிடந்தது. என் மாமியார் இருசாயி கெட்டவர் இல்லை. ஆனால் வருகிறவர்கள் கேட்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். "பொறந்த ஊட்டு ஆளுங்க யாரும் வரலீங்களா?" என்பார்கள். "வந்துக்கிட்டே இருக்காங்க" என்பார் அத்தை. நாலு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறீர்கள். பொய் சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்துவிட்டது, கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

எனக்குப் பிறந்த வீடு இருக்கிறதா இல்லையா? இதை மட்டும் எழுது.

ராதிகா

---

'கிளாரா' படகு
அண்டார்டிகா
16.1.2025

ராதிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே போன் பேச வழி இல்லை. கேப்டன் ஹெல்கா அம்மாள் ஒரு நாளைக்கு ஒரு தடவை சேட்டலைட்டைப் பிடிப்பார். எழுத்து மட்டும் போகும், வரும். படம் எதுவும் அனுப்பாதே.

நீ நினைப்பதுபோல் இது கப்பல் இல்லை. மலைக்கு ஏறுகிற நம் பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான். பென்குவின்களைக் கணக்கெடுக்க வந்த ஆராய்ச்சிக்காரர்களைத் தீவு தீவாகக் கூட்டிப்போகிறோம். எனக்குச் சமையல் வேலை. ஆள் போதாததால் காவல் முறையும் பார்க்க வேண்டும். படுத்தால் எழுப்புகிறார்கள், எழுந்தால் சமைக்க வேண்டும், சமைத்தால் கழுவ வேண்டும். கடைசியாக நன்றாகத் தூங்கியது எப்போது என்று நினைவில்லை.

காது குத்துக்கு வருவாயா என்று கேட்டிருக்கிறாய். பிப்ரவரி பாதியில் படகு கரைக்குப் போகும். விடுப்பு கேட்டால் ஹெல்கா கொடுப்பார். கேட்க எனக்கு மனசில்லை.

நீ மறந்திருக்கலாம். உனக்கு வரன் பேசத்தான் அந்த வருஷம் ஊருக்கு வந்தேன். மலையிலேயே திண்ணனூர் நாட்டிலிருந்து பேச ஆள் வருகிற அன்று காலை நீ முதல் பஸ்ஸில் அந்த ஆளோடு மலை இறங்கிவிட்டாய். வந்தவர்களுக்கு முன்னால் நின்றது நான். ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டு, "தங்கச்சியைக் காபந்து பண்ணத் தெரியாதவன் கடல் தாண்டிப் போயி என்னத்தடா கிழிச்சே?" என்று கேட்டபோது தலை குனிந்ததும் நான்தான். அந்த ஆள் யார்? குச்சிக்கிழங்கு லோடு ஏற்ற வந்த கீழ்நாட்டு லாரிக்காரன். மழையில் லாரி நகராமல் நின்றபோது அம்மா இரக்கப்பட்டு அந்த ஆளுக்குச் சாமைச் சோறு போட்டது. சோறு தின்ற வீட்டுக்கு அந்த ஆள் செய்த மரியாதை அதுதான்.

குழந்தை நன்றாக இருக்கட்டும். அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ரமேஷ்குமார்

---

காரவள்ளி
18.1.2025

அண்ணாவுக்கு,

அந்த ஆள், அந்த ஆள், அந்த ஆள். ஒரு பத்தியில் எத்தனை தடவை! அவருக்குப் பெயர் இருக்கிறது. விமல்ராஜ். எழுதினால் விரல் ஒன்றும் சுளுக்கிக்கொள்ளாது.

நீ ஊரில் இருந்த காலத்தில் வாயைத் திறந்தால் 'மாப்ளே'தான். டீக்கடைக்காரர் மாப்ளே, கண்டக்டர் மாப்ளே, பலாப்பழம் வாங்க வந்த சேலத்து வியாபாரி மாப்ளே. ஒரு நாள் வழியில் படுத்திருந்த ஆட்டைக்கூட "நகருடா மாப்ளே" என்றாய், நானும் அம்மாவும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தோம். ஊருக்கெல்லாம் வாரி இறைத்தாய். முறைப்படி உனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தபோது மட்டும் வாய் ஒட்டிக்கொண்டது.

தலை குனிந்தாயாம். திண்ணனூர்க்காரர்களை வரச் சொல்லும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? "எனக்கு வேண்டாங்கண்ணா" என்று சாணிக்கூடையோடு நின்று சொன்னேன். "சும்மா இரு கண்ணு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று போனைப் பார்த்துக்கொண்டே போனாய். எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். அம்மா போட்ட சோற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்தச் சாமைச் சோற்றை இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார் அவர். நான் எதைப் போட்டாலும் "நல்லாத்தான் இருக்குது, உங்கம்மா கை வராது" என்கிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

இங்கே நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. விடிந்தால் கிழங்கு வெட்டப் போகிறேன். அத்தைக்கு முழங்கால் மடங்குவதில்லை, பிள்ளைக்கு மார்கழியில் பிடித்த சளி இன்னும் விடவில்லை, அவர் லாரியோடு போனால் இரண்டு நாள் கழித்துத்தான் வருகிறார். இதற்கு நடுவில் உன்னோடு சண்டை போடவும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

நீ வராவிட்டால் அத்தையின் தம்பி மகன் பிரவீனை உட்காரவைக்கலாம் என்கிறார் அத்தை. "அவனும் உனக்கு அண்ணன் முறைதானே சாமி" என்கிறார். முறை சரிதான். என் வீட்டுக்காரருடைய மாமன் மகன் எனக்கு அண்ணன்தான். நல்ல பையன். ஆனால் அவன் மடியில் என் பிள்ளை உட்கார்ந்துவிட்டால், மலையில் எனக்கு ஆள் இல்லை என்று நானே ஊருக்கு முன்னால் சொன்னதாகிவிடும். அதற்கப்புறம் யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்கிற வரைக்கும்தான் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதுதான் அண்ணா எனக்குப் பயம்.

பிப்ரவரி பிறந்து ஒரு வாரத்துக்குள் பதில் எழுது. வராவிட்டால் பிரவீனுக்குச் சொல்லிவிடுவேன்.

ராதிகா

---

'கிளாரா' படகு
5.2.2025

ராதிகாவுக்கு,

பதில் எழுதவில்லை என்று கொதித்துப்போயிருப்பாய். எழுத உட்காருவேன், தூங்கிப்போவேன். காரணம் அவ்வளவுதான். வீம்பு என்று நினைக்காதே, வீம்புக்கும் தெம்பு வேண்டும். இப்போதும் படுத்துக்கொண்டுதான் தட்டுகிறேன். உருண்டு விழாமலிருக்கப் படுக்கை ஓரத்தில் துணி இழுத்துக் கட்டியிருக்கும். தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி கிடக்கிறேன்.

இன்று எங்களுக்குப் பயண நாள். ஒரு தீவில் கணக்கெடுப்பு முடிந்து தெற்கே இன்னொரு தீவுக்குப் போக வேண்டும். காற்று மாலையில்தான் எழும், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று விடிந்ததும் நங்கூரத்தை எடுத்தோம். அந்தக் காற்றுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காலைக் கஞ்சி கொதிப்பதற்குள் வந்துவிட்டது.

ஆராய்ச்சிக்காரர்கள் ஆளுக்கொரு வாளியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "உன் வயிறு என்ன இரும்பா?" என்று ஹெல்கா கேட்டார். எழுபது கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கி வளர்ந்த வயிறு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஜன்னல் சீட்டுக்கு நீயும் நானும் அடித்துக்கொள்வோமே, என் பங்கு வாந்தியெல்லாம் அந்த ஜன்னலிலேயே முடிந்துவிட்டது.

இங்கே அடுப்பு இரண்டு பக்கமும் முளையில் தொங்கும். படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். சட்டியை அசையாதபடி கம்பி வைத்துப் பூட்டுவோம். இன்று அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அடுப்புக்கே தெரியவில்லை. கஞ்சி எகிறி என் முழங்கையில் கொட்டியது. கொட்டிய கஞ்சியில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வெளியே பனி மேலிருந்து விழவில்லை, குறுக்கே அடித்தது. மிதக்கிற பனிக்கட்டியில் படகு முட்டாமலிருக்க ஆள் மாற்றி ஆள் முன்னால் நின்று பார்க்க வேண்டும். லாரி அளவு கட்டி தண்ணீருக்கு மேலே முறம் அளவுதான் தெரியும். என் முறை முடிந்து உள்ளே வந்து கையுறையைக் கழற்றினால் விரலில் உணர்ச்சியே இல்லை. பயம் என்று சொல்ல மாட்டேன். அலுப்பு. இது எப்படியாவது முடிந்தால் சரி, எப்படி முடிந்தாலும் சரி என்று இருந்தது. அப்படி நினைத்ததற்கு இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மதியத்துக்கு மேல், முன்தளத்தில் கட்டியிருந்த ரப்பர் படகின் கட்டு அவிழ்ந்துவிட்டது. அதை இழுத்துக் கட்டப் பாப்லோ தவழ்ந்து போனார். பாப்லோ கேப்டனுக்கு அடுத்த ஆள், அர்ஜென்டினாக்காரர், நாற்பது வயது இருக்கும், எனக்கு மேல் படுக்கையில் படுப்பவர். உதவிக்கு நான் பின்னால் போனேன். இரண்டு பேருக்கும் இடுப்பில் வார், வாரிலிருந்து படகுக்குக் கயிறு. பாதி வழியில் ஓர் அலை எங்கள் தலைக்கு மேல் ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தால் பாப்லோவைக் காணோம். ஓரக் கம்பிக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் தண்ணீருக்குள். இந்தத் தண்ணீரில் விழுந்தவன் அதிக நேரம் தாங்க மாட்டான்.

கத்தினேன் ராதிகா. "மாப்ளே! உட்ராத மாப்ளே! கம்பியைப் புடிச்சுக்கடா மாப்ளே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றி, காலைக் கம்பியில் முட்டுக் கொடுத்து இழுத்தேன். படகு எங்கள் பக்கம் திரும்பச் சாய்ந்தபோது அவர் ஒரு கையால் பிடித்து ஏறினார், மிச்சத்தை நான் சட்டையோடு சேர்த்து இழுத்துப் போட்டேன். ரப்பர் படகு போய்விட்டது. போன வேகத்தில் சேட்டலைட் ஆன்டெனாவையும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

பாப்லோவுக்கு விலா எலும்பில் கீறல். துணி சுற்றிக் கட்டி, என் படுக்கையில் கிடத்தி (நான் இப்போது கிடப்பது அவருடையதில்), மிஞ்சிய கஞ்சியை ஊட்டினேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "நீ ஏன் என்னை எப்பவும் மேப்பிள் என்று கூப்பிடுகிறாய்? அது கனடாவில் இருக்கிற மரம். நான் மரம் மாதிரியா இருக்கிறேன்?" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவரை மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மனுஷன் இத்தனை நாளும் தன்னை மரம் என்கிறான் என்று பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இருந்த அலுப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரம் இல்லை, எங்கள் ஊரில் தங்கச்சியைக் கட்டியவரை அப்படிக் கூப்பிடுவோம் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உனக்குத்தான் தங்கச்சியே இல்லை என்றாயே" என்றார்.

படகில் ஏறிய அன்று அப்படித்தான் சொல்லியிருந்தேன். "இருக்கிறாள், கல்யாணமும் ஆகிவிட்டது" என்றேன். "அப்படியானால் நான் இவ்வளவு நாளும் வேறொருத்தன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். நீ திட்டி எழுதியபோது உறைக்காதது அவர் சொன்னபோது உறைத்தது. வெட்கமாக இருந்தது கண்ணு. உன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

இந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு இனி ஒரு நாள்கூட என்னால் நடக்க முடியாது. ஹெல்காவிடம் விடுப்பு கேட்டுவிட்டேன். சரி என்றுவிட்டார். ரஞ்சிதா என் மடியில்தான் உட்காருவாள். ஆன்டெனா இல்லாமல் இது எப்போது உனக்கு வருமோ தெரியவில்லை. அதற்குள் அவசரப்பட்டுப் பிரவீனுக்குச் சொல்லிவிடாதே.

அண்ணன்

---

காரவள்ளி
10.2.2025

அண்ணாவுக்கு,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் என்று சொன்னேன், அதற்கு மேலும் பொறுத்தேன். முடியாது என்று இரண்டு எழுத்து போட்டிருந்தால்கூட அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். பதிலே போடாமல் விடுவது என்ன புத்தி?

நேற்று பிரவீன் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டோம். அவன் வேட்டி கட்டத் தெரியாது என்று பயப்படுகிறான். அத்தை கட்டிவிடுகிறேன் என்றிருக்கிறார். எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதேன். அவர் பார்த்துவிட்டார். "நான் வேணா மலைக்குப் போயி உங்கம்மா கால்ல உழுந்து கேக்கட்டுமா?" என்றார். "போனா செருப்பால அடிப்பாங்க" என்றேன். "அடிச்சா வாங்கிக்கறேன்" என்றார். இப்படி ஒருத்தரைத்தான் நீ அந்த ஆள் என்கிறாய்.

இன்னொன்று. மாதேஸ்வரண்ணன் நீ இருக்கிற கடலை அவர் போனில் காட்டினார். காற்றடிக்கிற இடம் சிவப்பாகத் தெரியும் என்றார். போன வாரத்துப் படத்தில் உன் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. "ரெண்டு நாளு இப்புடித்தான் கெடந்துது கண்ணு, இப்ப கொறைஞ்சிருக்குது" என்றார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ வீம்பு பிடித்துக்கொண்டு நன்றாக இரு. ஒரு வரி மட்டும் போடு. திட்டியாவது போடு.

ராதிகா

---

அண்டார்டிகா
15.2.2025

கண்ணு,

இதோடு ஐந்தாம் தேதி எழுதியதையும் சேர்த்து அனுப்புகிறேன். முதலில் அதைப் படி.

படித்துவிட்டாயா? அன்று ராத்திரியே ஒரு பனிக்கட்டி அடித்துப் படகின் சுக்கான் வளைந்துவிட்டது. திருப்பினால் திரும்பாது. எப்படியோ தட்டுத்தடுமாறி ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து ஒதுங்கியிருக்கிறோம். நிலையத்துக்காரர்கள் கடிதம் அனுப்ப விட்டார்கள். உன் பத்தாம் தேதிக் கடிதத்தையும் இங்கேதான் பார்த்தேன். நான் உயிரோடு இருக்கிறேன். சோறு தின்னு.

எங்களை இழுத்துப்போக இன்னொரு படகு வர வேண்டும். கடல் அடங்கி அது வந்து, கட்டி இழுத்து, மார்ச் பிறக்காமல் நாங்கள் கரையைப் பார்க்க முடியாதாம். ஹெல்காவிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார், அழுகிற நிலையில் இருக்கிறார். நிலையத்துக்கு விமானம் வருமா என்று கேட்டேன், வராது என்றார்கள். எல்லாரையும் கேட்டுவிட்டேன். காது குத்துக்கு என்னால் வர முடியாது கண்ணு. இந்தத் தடவை மனசு இருந்தும் முடியாது.

நாளைத் தள்ளி வை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நாலு வருஷம் தள்ளி வைத்தவன் நான். பிரவீன் உட்காரட்டும். எனக்கு வயிறு எரிகிறது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் உட்காரட்டும்.

அம்மா வராமல் இருக்கக் கூடாது. சொல்லி அனுப்பாதே. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீயே மேலே போ. மாப்பிள்ளை என்று விமல்ராஜைத்தான் சொல்கிறேன். வீட்டுக்குள் கூட்டிப் போய், ரமேஷ் வரச் சொன்னான் என்று அம்மாவிடம் சொல். நம்பாவிட்டால் இரண்டு கடிதத்தையும் படித்துக் காட்டு. ஊர்க்கவுண்டர் ஏதாவது கேட்டால், அண்ணன் வந்து பதில் சொல்வான் என்று சொல்லிவிட்டு வா.

நேற்று முழுக்கத் தூங்கினேன். எழுந்தும் அலுப்பு போகவில்லை.

அண்ணன்

---

காரவள்ளி
24.2.2025

அண்ணாவுக்கு,

காது குத்து முடிந்தது. பாதிதான் முடிந்தது. சொல்கிறேன், பொறு.

உன் கடிதம் வந்த அன்று மூன்று தடவை படித்தேன். அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு தடவை படித்துவிட்டு முகம் கழுவப் போனவர், வர ரொம்ப நேரமாயிற்று. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மேலே போனோம். எந்த பஸ்ஸில் இறங்கினேனோ அதே பஸ். மாதேஸ்வரண்ணன் ஊருக்கெல்லாம் முன்னாடியே தந்தி அடித்துவிட்டார் போலிருக்கிறது, வழியெல்லாம் தலைகள்.

அம்மா வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இளைத்துப்போயிருக்கிறது அண்ணா. அவர் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நான் நின்ற நிலையிலேயே போனை எடுத்து உன் கடிதம் இரண்டையும் படித்தேன். புயலைப் படிக்கும்போது நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டுப் படித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பாப்புலோவுக்கு எலும்பு கூடிருச்சாமா?" என்பதுதான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அப்புறம் வேலிப் பக்கம் திரும்பி, "ஏனுங்க மாப்ளே, வெய்யில்ல நிக்காதீங்க. மொளகு கெடக்குது, காலைப் பாத்து வெச்சு உள்ள வாங்க" என்றது. அவர் மிளகில் கால் படாமல் வருவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு வந்தார். மதியம் சாமைச் சோறு. மூன்று தடவை வாங்கித் தின்றார். அந்தத் தட்டைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை.

ஊர்க்கவுண்டரும் வந்தார். நீ சொன்னதைச் சொன்னேன். "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேற்று அம்மா காரவள்ளிக்கு இறங்கியது. தலையில் ஒரு கூடை பலா, கையில் வாழைத்தார், இடுப்பில் மிளகு மூட்டை. அத்தை வாசல் வரைக்கும் நொண்டிக்கொண்டே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லாரிடமும் "மருமவளோட பொறந்த ஊட்டுக்காரங்க, மலையில இருந்து" என்று கேட்காமலே சொன்னார். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

கோயிலில் பிரவீன் புது வேட்டியோடு உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்தோம். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அவ்வளவுதான், ரஞ்சிதா கத்திய கத்தலில் கோயில் காக்காயெல்லாம் பறந்தன. பிரவீனின் கையைக் கடித்துவிட்டு எழுந்து ஓடி அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். இரண்டு நாள் பழக்கம்தான், அதற்குள் அம்மாயி என்றால் உயிர். "புடிச்சுக் குடுங்க சம்பந்தி, நல்ல நேரம் முடியுது" என்றார் அத்தை. அம்மா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கொடுக்கவில்லை.

"ஒரு காது போதுமுங்க சம்பந்தி. இன்னொண்ணு அவ மாமனுக்கு இருக்கட்டும்" என்றது.

அத்தைக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, பொட்டப்புள்ளையை ஒத்தக் காதோட வெச்சுக்கிட்டு நான் ஊருக்குள்ள எப்படீங்க நடமாடறது?" என்றார். ஆசாரி, இப்படி ஒரு கூத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். பிரவீன் கடிபட்ட கையை உதறிக்கொண்டே, "எனக்கும் ஒரு காது போதுமுங்க அத்தை" என்றான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மலையில் ஆள் இல்லை என்று ஊருக்கு முன்னால் சொல்லப் போகிறோம் என்று பயந்த அதே இடத்தில், அம்மா நின்றுகொண்டு ஆள் இருக்கிறான் என்கிறது. அவர்தான் முன்னால் வந்தார். "ஆசாரியாரே, கம்பியை எடுத்து வைங்க. மச்சான் வந்ததும் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

அத்தை சாப்பிடுகிற வரைக்கும் முறைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் தெருவில் இருந்து ஒரு அம்மாள் வந்து, "இதென்னங்க, ஒரு காதுலதான் தோடு இருக்குது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை, "அவ மாமன் பனிக்கடல்ல இருக்கறானுங்க. பொயல்ல மாட்டிக்கிட்டான். அவன் வந்துதான் மறுகாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். இன்று காலையிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ இழுத்துத் தூக்கியது ஒரு ஆள் என்பதை இரண்டு ஆளாக்கிவிட்டார்.

மெதுவாக வா. கரைக்கு வந்ததும் முதலில் ஒரு வாரம் தூங்கு. நேராக மலைக்குப் போய்விடாதே, எங்கள் வீட்டில் இறங்கிவிட்டுத்தான் போக வேண்டும். உனக்கு என் வீடு தெரியாது இல்லையா? பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் கேள். ஒத்தக் காதுப் பிள்ளை வீடு எது என்றால் யாரும் கையைக் காட்டுவார்கள்.

ராதிகா